கொங்கில் கடல் இல்லை, கரை உண்டு: அருவி, காடு, வாய்க்கால் என ஒரு நாலு நாள் நடை

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மார்கழிக் கடைசியில் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "மாமா, நாலு நாள் லீவு இருக்குதுங்க. அருவி, காடு, கடற்கரை, எல்லாத்தையும் நடந்தே பாக்கற மாதிரி ஒரு டூர் சொல்லுங்க. நம்மூர்ப் பக்கமே இருக்கோணும்." அருவியும் காடும் சரி, கொங்கு நாட்டில் கடலுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் போனை வைத்த பிறகு யோசனை அதிலேயே நின்றது.

மூன்று பக்கம் மலை சூழ்ந்த நாடு இது. கடல் இங்கே காற்றாகத்தான் வரும். ஆனி, ஆடியில் உடுமலைப் பக்கம் வெட்டவெளியில் நின்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் காற்று வேட்டியைப் பிடுங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. கரை என்று எங்கள் ஊரில் சொன்னால் அது ஆற்றங்கரை, அணைக்கரை, வாய்க்கால் கரை. சரி, அதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்: கொல்லிமலையில் அருவி, மேட்டுப்பாளையம் பக்கம் பரளிக்காட்டில் வனம், ஊஞ்சலூர்ப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் கரை. அவன், அவனுடைய சிநேகிதன், நான், மூன்று பேரும் போய்வந்தோம். அதில் செய்த தப்புகளைத் திருத்தி எழுதியதுதான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது விட்டுவிடாமல் நடக்கும் பயணம் கிடையாது. மூன்று இடங்களில் நடை, இடையில் பஸ்ஸும் ரயிலும். காப்புக்காட்டுக்குள் நினைத்தபடி புகுந்து மலை விட்டு மலை போக யாருக்கும் அனுமதி இல்லை, போகவும் கூடாது. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்று உண்டு. அது தண்ணீர். பரளிக்காட்டில் நீங்கள் பரிசலில் போகும் பவானித் தண்ணீர்தான் மேட்டுப்பாளையம், பவானிசாகர், கொடிவேரி எல்லாம் தாண்டி வந்து, மறுநாள் காலிங்கராயன் வாய்க்காலில் உங்கள் பக்கத்தில் ஓடப்போகிறது. கொல்லிமலையில் விழுகிற ஐயாறும் கடைசியில் காவிரிக்குத்தான் போகிறது.

மாதம் பார்ப்பது

கொங்கில் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசம். அதனால் "மழைக்காலத்தில் போ" என்று பொதுவாகச் சொன்னால் பாதி பேர் வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எந்த மலைக்கு எந்த மழை என்பதுதான் கணக்கு. சிறுவாணி அடிவாரத்தில் இருக்கும் கோவை குற்றாலம், ஆழியாறு பக்கத்துக் குரங்கு அருவி, வால்பாறை, பவானியின் மேல்பகுதி, இவையெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு உரியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் நிறையும், அதே காரணத்தால் பல நாள் அருவியை மூடியும் வைப்பார்கள். கிழக்கே தள்ளி நிற்கும் கொல்லிமலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது.

நான் சொல்லும் மாதம் தை. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், கொல்லிமலையின் ஆகாயகங்கை அருவியில் தண்ணீர் இருக்கும், படிகள் ஓரளவு காய்ந்திருக்கும், அட்டைத் தொல்லை குறைவு, வாய்க்கால் கரையில் மஞ்சள் வெட்டு தொடங்கியிருக்கும். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் கொல்லிமலையில் நடக்க இடம் இருக்காது, நிற்கத்தான் இடம்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம். வனத்துறை நடைபாதைகளை மூடிவிடும். சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்று யாராவது சொல்வார்கள். பிப்ரவரி முதல் மே வரை அங்கே ஆட்கள் ஏறுவது உண்மைதான். ஆனால் அது சாமி மலை, ராத்திரியோடு ராத்திரியாக மூங்கில் தடி ஊன்றி ஏழு மலை ஏறும் வேண்டுதல். அதை ஊர் சுற்றும் திட்டத்தில் நடுவில் செருகினால் முழங்காலும் போகும், பக்தியும் போகும். தனியாக ஒரு தடவை போய்க்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்குவது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களோடு ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதே வருடம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஆகவே "நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் குறுக்கு வழியில கூட்டிட்டுப் போவான்" என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

இப்போது வழி சுலபமாகிவிட்டது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்து, அடையாள அட்டையோடு போனால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். கொங்குப் பக்கம் சாடிவயல்-சிறுவாணி, ஆழியாறு வாய்க்கால் கரை, டாப்ஸ்லிப்-பண்டாரவரை, திருப்பூர் மாவட்டத்தில் சின்னாறு சோதனைச்சாவடி-கூட்டாறு போன்ற பாதைகள் அதில் வருகின்றன. முதல் தடவை காட்டுக்குள் நடக்கிறவர்கள் "கடினம்" பக்கமே போக வேண்டாம். ஆழியாறு வாய்க்கால் கரை போதும்.

பரளிக்காடு இதற்கு முந்தியே தொடங்கிய வனத்துறைச் சூழல் சுற்றுலா. பெரும்பாலும் சனி, ஞாயிறுதான், முன்பதிவு கட்டாயம். அதனால்தான் என் திட்டம் வியாழக்கிழமை தொடங்குகிறது: வியாழன் கொல்லிமலை, வெள்ளி பயணம், சனி பரளிக்காடு, ஞாயிறு வாய்க்கால் கரை. முதலில் பரளிக்காட்டுத் தேதி உறுதியாகட்டும், மற்றதை அப்புறம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். நாங்கள் முதலில் ரூம் போட்டுவிட்டு அப்புறம் தேதி கேட்டோம். ரூம் பணம் போனதுதான் மிச்சம்.

காலைப் பழக்குவது

மூன்று வாரம் போதும். ஜிம் எல்லாம் வேண்டாம். முதல் வாரம் தினமும் முக்கால் மணி நேரம் சமதளத்தில் நடை. இரண்டாவது வாரம் முதுகில் ஐந்து கிலோ எடையோடு அதே நடை. மூன்றாவது வாரம் படி. சென்னிமலை, பழனி, சிவன்மலை, எது பக்கமோ அதில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். இறங்குவதைத்தான் கவனித்துப் பழக வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடி அடுத்த நாள்தான் தெரியும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகும் மண் தடம். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இன்னும் மிச்சமிருக்கும் ஊர்களில் விடியற்காலை நடந்து பாருங்கள். வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும், அதில் மேயும் மாடுகளும் கண்ணில் படும். கல்லும் முள்ளும் மணலும் மாறி மாறி வருவதால் கணுக்கால் நன்றாகப் பழகும். புது ஷூவை இங்கேயே போட்டு உழைத்துவிடுங்கள். அக்கா மகன் விலையுயர்ந்த ஷூ ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே கொல்லிமலையில் மாட்டினான். சாயங்காலம் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

பை

ஒரு ஆளுக்கு ஏழு கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தண்ணீர் இரண்டு லிட்டர், நிரப்பிக்கொள்ளும் பாட்டிலில். வாங்கிக் குடித்து எறியும் பிளாஸ்டிக்கை மலைச் சோதனைச்சாவடிகளில் கேட்பார்கள், பையைத் திறந்தும் பார்ப்பார்கள். மாற்று உடை ஒரு ஜோடி, காலுறை மூன்று ஜோடி, ஒரு துண்டு, டார்ச், சின்ன உப்புப் பொட்டலம், கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், ஓஆர்எஸ் பொடி நாலு. பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி மங்கலான நிறத்தில் உடுப்பு. வாசனைத் திரவியம் வீட்டிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. புளிசாதம் ஒரு நாள் தாங்கும். அரிசிம்பருப்பு சாதம் எனக்கு உயிர்தான், ஆனால் மத்தியானத்துக்குள் ஊசிவிடும், எடுக்க வேண்டாம். கடலை உருண்டையும் வறுத்த நிலக்கடலையும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். யானை நடமாடும் பக்கம் பலாப்பழத்தோடு போகாதீர்கள். கொல்லிமலையில் வாங்கிய பலாச்சுளையைப் பரளிக்காடு வரை கொண்டுபோகலாம் என்று ஒருத்தன் பிடிவாதம் பிடித்தான். ஈரோடு பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.

காட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காது. கிளம்பும் முன்னே வீட்டில் ஒரு ஆளிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவைக்க வேண்டும். ஏடிஎம்மை நம்பாமல் கையில் ரொக்கம் வையுங்கள்.

வியாழன்: ஆகாயகங்கை

நாமக்கல்லிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் நாற்பதாவது வளைவில் வருத்தப்படுவீர்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் வெளியே பாருங்கள். கீழே முள்காடு, கொஞ்சம் மேலே மூங்கில், அப்புறம் திடீரென்று சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றி நிற்கும். மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. இன்றைக்கு அதே வேலையைச் செய்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போய்விடும் என்றான் சிநேகிதன்.

அருவி அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம். கோயிலுக்குப் போகும் பஸ் கிடைத்தால் ஏறிவிடுங்கள், கால்களைப் படிக்கு மிச்சம் வையுங்கள். ஆயிரத்துக்கும் மேலே படி, எல்லாம் கீழ்நோக்கி. இறங்க அரை மணிக்கு மேல் ஆகும், ஏற அதைப் போல இரண்டு மடங்கு. மத்தியானத்துக்கு மேல் ஆள் விடமாட்டார்கள், அதனால் பத்து மணிக்குள் முதல் படியில் நிற்பது நல்லது.

இறங்கும் முறை ஒன்று உண்டு. செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் படியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கும், வலதிலிருந்து இடதுக்கும் சாய்வாக இறங்குங்கள். பாதம் முழுதும் படியில் பதியும், முழங்காலில் அடி விழாது. கையில் ஒரு தடி இருந்தால் இன்னும் நல்லது. குரங்குகள் பாலிதீன் பை சத்தத்தை அரை கிலோமீட்டரில் கேட்கும் என்று நினைக்கிறேன். கையில் எதுவும் தொங்க வேண்டாம்.

கடைசி இருநூறு படிக்கு முன்பே அருவி தன்னைச் சொல்லிவிடும். முதலில் சத்தம் இல்லை, ஈரம்தான் வரும். கைப்பிடிக் கம்பி நனைந்திருக்கும், கண்ணாடியில் துளி படியும். திரும்பினால் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. கீழே போய் நின்றால் அருவி அடிக்கிற காற்றே ஆளைத் தள்ளும். பத்தடி தூரத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பதினோரு மணி வெயில் சாய்ந்து விழும்போது சாரலில் வானவில் ஒன்று இடுப்பு உயரத்தில் நிற்கும். கை நீட்டினால் கைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

ஏறி வரும் வழியில் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். பாறையில் ஒட்டி வளரும் கிழங்கு, மேலெல்லாம் ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமம். மூட்டு வலிக்கு நல்லது என்று கடைக்கார அக்கா சொன்னார். மூட்டு வலியை உண்டாக்கும் படியிலேயே அதை விற்பது நல்ல வியாபாரம். மிளகு தூக்கலாக, சூடாக, அந்த நேரத்துக்கு அமிர்தம்தான். ஆனால் "இந்த மூலிகையைச் சும்மா மென்னு பாருங்க" என்று வழியில் நீட்டுவதையெல்லாம் வாயில் போடாதீர்கள்.

இரவு செம்மேட்டில் தங்கல். குளிர் இருக்கும்.

அருவித் தண்ணீரைப் படிப்பது

இதற்குத் தனி இடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு ஐப்பசியில் ஒருநாள் உடுமலைக்குப் பக்கத்துத் திருமூர்த்தி மலையில், பஞ்சலிங்க அருவிக்குக் கீழே ஓடையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே வெயில். கொஞ்சம் தள்ளித் துணி பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிழிவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். "கலங்குதுங்க. மேல ஏறுங்க, ஏறுங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்கு நடுவில் ஒரு கயிறு மாதிரி டீ நிறம் ஓடி வந்தது. பின்னாலேயே சருகு, சுள்ளி. கரையேறிச் செருப்பை மாட்டுவதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை இல்லை. மழை எல்லாம் மேல் மலையில்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது நாலு அடையாளம். தெளிந்த தண்ணீரில் செம்மண் நிறம் கலப்பது. திடீரென்று இலையும் குச்சியும் மிதந்து வருவது. அருவிச் சத்தம் கனத்து உருமலாக மாறுவது. மேலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடிப்பது. நாலில் ஒன்று தெரிந்தாலும் பையைத் தேடாமல் கரையேறுங்கள், அதுவும் பக்கவாட்டில், உயரம் நோக்கி. ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர் உங்களை ஜெயிக்கும். காவலர் விசில் அடித்தால் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்ச வேண்டாம். பாசி படிந்த பாறையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வெள்ளி

இறங்கி, நாமக்கல், ஈரோடு, அங்கிருந்து மேட்டுப்பாளையம். பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். கால் வீங்காமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். ராத்திரி வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை நனைத்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

சனி: பரளிக்காடு

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாக மலைக்குள் போகும் சாலை. பஸ் குறைவு, வாடகை வண்டி பேசிக்கொள்வது நல்லது. சாலை முடிகிற மாதிரித் தோன்றும் இடத்தில் பில்லூர் அணையின் நீர்த்தேக்கம் விரியும். கோவையில் பல வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான். சுற்றிலும் மலை, நடுவில் அசையாத பச்சை நீர். இதுதான் நான் சொன்ன முதல் கரை.

போனவுடன் சுக்குக் காப்பி, அப்புறம் பரிசல். உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். பரிசலில் நடுவில் உட்கார்ந்து எடையைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், எழுந்து நிற்காதீர்கள். துடுப்புப் போடுபவர் வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றுவார், பயப்பட வேண்டாம். மத்தியானம் இருளர் பெண்கள் சமைத்த சாப்பாடு. களியும் கீரையும் இருந்தால் சோற்றை விட்டுவிட்டு அதைக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடை. எங்களோடு வந்த இருளர் அண்ணன் முதலில் சொன்னது: "பேசறதுன்னா இங்கயே பேசி முடிச்சுருங்க." வரிசையாக, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் யானை லத்தி கிடந்தது. அவர் குனிந்து புறங்கையை அருகே வைத்துப் பார்த்தார். சூடு இல்லை, மேலே காய்ந்து வண்டு துளைத்திருந்தது. நேற்றையது என்றார். உள்ளே மூங்கில் நார் அப்படியே செரிக்காமல் இருந்தது. பக்கத்து மரத்தில் என் தலைக்கு மேலே இரண்டடி உயரம் வரை சேறு அப்பியிருந்தது. யானை முதுகைத் தேய்த்த அடையாளம்.

ஈர மண்ணில் முன்னங்கால் தடம் ஒன்று கிடைத்தது. அவர் ஒரு கொடியை அறுத்துத் தடத்தைச் சுற்றி வளைத்து அளந்தார். அப்புறம் அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கித் தரையிலிருந்து நிமிர்த்திக் காட்டினார். அதுதான் அந்த யானையின் தோள் உயரம். முன்கால் சுற்றளவைப் போல இரண்டு பங்கு என்பது புத்தகத்திலும் இருக்கும் கணக்குதான், ஆனால் கொடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய உருவம் என்று தொண்டை உலர்ந்து புரியும்.

காட்டில் உங்கள் வேலை மிகக் குறைவு. வழிகாட்டி நின்றால் நில்லுங்கள். திரும்பு என்றால் கேள்வி கேட்காமல் வந்த வழியே திரும்புங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் சிதறாதீர்கள். யானை தெரிந்தால் போட்டோவுக்காக ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். மூங்கில் முறியும் சத்தம், வயிறு உறுமுவது மாதிரி ஒரு தாழ்ந்த சத்தம், ஈரப் புல்லும் சாணமும் கலந்த வாடை, இவை பார்வைக்கு முந்தி வரும். பாட்டுப் போட்டுக்கொண்டு நடந்தால் இவை எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. தீப்பெட்டியைக் காட்டுக்குள் எடுத்தே போகாதீர்கள்.

அட்டை ஒட்டினால் பிய்க்க வேண்டாம். நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் விட்டுவிடும், பிடிவாதம் பிடித்தால் உப்பு. ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அதற்காகப் பதற வேண்டியதில்லை, கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

பரளிக்காட்டில் இடம் கிடைக்கவில்லை என்றால் டாப்ஸ்லிப் போகலாம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழி. வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி மேலிருந்து சறுக்கி விட்டதால் வந்த பெயர். வெட்டியே தீர்த்த காட்டைத் திரும்ப நட்டு வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி 1933-இல் இறந்தார், அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் அவர் கல்லறை இருக்கிறது. அந்த வழியில் போனால் அங்கே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

சாயங்காலம் மலையை விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அந்தச் சாலை ராத்திரியில் யானைகளுடையது. ஈரோட்டில் தங்கல்.

ஞாயிறு: காலிங்கராயன் கரை

பவானி கூடுதுறைக்குப் பக்கத்தில் அணை கட்டி, பவானித் தண்ணீரைத் திருப்பி, நொய்யல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் காலிங்கராயன். 1283-இல் முடிந்த வேலை. இன்றைக்கும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நீளம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நேர்கோட்டில் போனால் இவ்வளவு நீளம் வராது. கோணல் கோணலாக, பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். பாம்பு ஒன்று வழி காட்டியதாகவே ஊரில் கதை சொல்வார்கள். நடந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். மேடு வரும் இடத்தில் வாய்க்கால் மேட்டோடு மல்லுக்கு நிற்காமல் ஒதுங்கிப் போகிறது, தண்ணீர் வேகம் எடுக்காமல், கரையை அரிக்காமல், பக்கத்து வயலுக்கெல்லாம் எட்டுகிற உயரத்திலேயே போகிறது. கட்டியவர் தன் சுயநலத்துக்குக் கட்டினார் என்ற பேச்சு வரக்கூடாதென்று குடும்பத்தோடு ஊரைவிட்டே பொள்ளாச்சியை ஒட்டிய ஊத்துக்குளிப் பக்கம் போய்விட்டார் என்றும் சொல்வார்கள்.

ஈரோட்டு நகரத்தை ஒட்டிய பகுதியில் நடக்க வேண்டாம். சாயக்கழிவும் தோல் கழிவும் பல வருஷம் பட்ட இடம், அங்கே கரை மனசுக்குப் பிடிக்காது. ஈரோட்டிலிருந்து திருச்சிப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறி ஊஞ்சலூரில் இறங்குங்கள். நேரம் அவ்வப்போது மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கி யாரிடமாவது "வாய்க்கா எந்தப் பக்கமுங்க" என்று கேட்டால் போதும். அங்கிருந்து கொடுமுடி வரை கரையோடு நடந்தால் அரை நாள். கால் பழகியவர்கள் ஒரு ஸ்டேஷன் முன்னால் பாசூரிலேயே இறங்கினால் முழு நாள் நடை.

கரை மண் தடம்தான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் தென்னை, வாழை, கரும்பு, மஞ்சள். மதகுக்கு மதகு தண்ணீர் பிரிந்து சலசலக்கும். கரைமேல் மாடு கட்டியிருந்தால் தடத்தை விட்டு ஒதுங்குங்கள். வயலுக்குள் இறங்கிக் குறுக்கே போகும் முன் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு அம்மாயி எங்களைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வண்டி கெட்டுப் போச்சா? இந்த வெயில்ல நடந்துட்டு வாரீங்க?" என்றார். வேண்டித்தான் நடக்கிறோம் என்றதை அவர் நம்பவே இல்லை. மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும், "ஈரோட்டு பஸ்ஸு அந்த ரோட்டுல வரும் சாமி" என்று கைகாட்டிவிட்டுத்தான் போனார்.

தை, மாசியில் போனால் மஞ்சள் வேகவைப்பதைப் பார்க்கலாம். தோண்டிய கிழங்கைப் பெரிய கொப்பரையில் கொட்டி, மஞ்சள் செடியின் காய்ந்த இலைதழையையே எரித்து வேகவைப்பார்கள். ஆவி மேலே வரும்போது மண்ணும் மஞ்சளும் சேர்ந்த ஒரு வாசம், அரை பர்லாங் தூரத்திலேயே மூக்கில் ஏறும். வெந்ததா என்று பார்க்க ஒருவர் கிழங்கை எடுத்து ஈர்க்குச்சியால் குத்தினார். குச்சி தடையில்லாமல் இறங்கியதும் "போதும், அள்ளு" என்றார். களத்தில் பரப்பியதைப் பார்த்தால் ஈர மஞ்சளின் நிறம் காய்ந்த மஞ்சளுக்கு வராது, ஆரஞ்சுக்குப் பக்கத்து நிறம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, வாசம் இதுதான்.

வாய்க்காலில் குளிக்க ஆசை வரும். படித்துறை இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள், பாசி வழுக்கும். கொடுமுடியில் காவிரியிலும் அப்படித்தான். படித்துறையை விட்டு நடு ஆற்றுக்குப் போகாதீர்கள், மேலே அமைதியாக இருக்கும் தண்ணீருக்குக் கீழே குழி இருக்கும். தெற்கே ஓடிவந்த காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. மகுடேஸ்வரர் கோயில் படித்துறையில் உட்கார்ந்தால் அக்கரை வரை அகலமாகத் தெரியும். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது. ஆற்று இரைச்சலுக்கு மேல் பாடிப் பழகிய குரலோ என்னவோ என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, நேத்துப் பரிசல்ல போனமே, அந்தத் தண்ணி இங்க வந்துருச்சுங்களா?" நேற்றையது வந்திருக்காது, பவானிசாகரில் தேங்கித்தான் வரும் என்றேன். அப்படியானால் நாம்தான் முந்தி வந்துவிட்டோம் என்றான்.

மஞ்சள் வேகிற இடத்தில் நேரம் போனதே தெரியாததால் ரயிலைத் தவறவிட்டோம். அப்படி ஆனாலும் கவலையில்லை, கரூரிலிருந்து ஈரோடு போகும் பஸ்கள் கொடுமுடி வழியாகத்தான் வரும். ஏறி உட்கார்ந்ததும் அவன் அந்த விலையுயர்ந்த ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஈரோட்டை ஒட்டிய சோலார் என்ற ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டான்.